ஓடுகிற நாளுக்குள் ஜெபத்துக்கு ஓர் இடம்: முழுமையான வழிகாட்டி

காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன் என்று நான் பொருத்தனை பண்ணிய வருஷங்கள் ஐந்தாறு இருக்கும். ஒவ்வொரு தடவையும் கதை ஒன்றுதான். முதல் மூன்று நாள் எழுந்துவிடுவேன். நாலாம் நாள் முழங்காலில் இருந்தபடியே கட்டிலில் தலை சாய்ந்துவிடும். ஐந்தாம் நாள் அலாரத்தை அணைத்த ஞாபகமே இருக்காது. ஆறாம் நாள் குற்ற உணர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனாலேயே அடுத்த இரண்டு வாரம் ஜெபத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன்.

அப்படித் தோற்றுப்போன ஒரு காலையில், தண்ணீர் கொதிக்கும்வரை சும்மா நிற்கிறோமே என்று அடுப்படியில் நின்றபடியே ஒரு சங்கீதத்தை வாசித்தேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. மறுநாளும் தண்ணீர் கொதித்தது, மறுநாளும் வாசித்தேன். அந்த ஐந்து நிமிடம்தான் இன்றுவரை தங்கியிருக்கிறது, கொஞ்சம் வளர்ந்தும் இருக்கிறது.

இந்த வழிகாட்டி அங்கிருந்து பிறந்தது. நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் கிடைக்காது. தவறாமல் செய்கிற ஒரு வேலையின் முதுகில் ஜெபத்தை ஏற்றிவிட வேண்டும், சின்னதாக, அன்றாடம். அது வேர் பிடித்துவிட்டால் நாளின் மற்ற இடங்களில் ஒருவரி ஜெபங்கள் தாமாக முளைக்கும்.

கத்தோலிக்கர் செபம் என்பார்கள், மற்றவர்கள் ஜெபம் என்பார்கள். சிலருக்குச் சங்கீதம், சிலருக்குத் திருப்பாடல். எந்தச் சபையாக இருந்தாலும் ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பில்தான் தருகிறேன். எனக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான்.

1. மூன்று நாள் உங்களையே வேவு பாருங்கள்

உடனே ஜெபிக்க ஆரம்பிக்க வேண்டாம் என்று ஜெப வழிகாட்டியிலேயே சொல்வது விசித்திரம்தான். ஆனாலும் மூன்று நாள் பொறுங்கள். ஒரு துண்டுத்தாளைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு, நாளில் எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறது என்று குறித்துவையுங்கள். மூன்று வகை இடுக்கு இருக்கும்.

ஒன்று, கையும் சும்மா, மனமும் சும்மா. வண்டிக்குக் காத்திருப்பது, லிஃப்ட், டாக்டர் வீட்டு வரிசை, கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் வந்து சேரும்வரை உட்கார்ந்திருப்பது. இரண்டு, கைக்கு வேலை உண்டு, மனம் சும்மா. பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, நடப்பது, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவது. மூன்று, கை சும்மா, மனம் மட்டும் கொதிக்கிறது. ஒரு சண்டைக்குப் பிறகு, ஒரு முடிவுக்குக் காத்திருக்கையில், தூக்கம் வராத இரவில்.

முதல் வகையில் வாசிக்கலாம். இரண்டாவதில் வாசிக்க முடியாது, ஆனால் மனப்பாடமாக இருப்பதைச் சொல்லலாம், பிறருக்காக வேண்டலாம். மூன்றாவதில் நீளமான ஜெபம் வராது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் முடியும், அது போதும். எந்த இடுக்கில் எந்த ஜெபம் என்று தெரியாமல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஜெபிக்கப் பார்ப்பதால்தான் பாதிப்பேர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் அந்தத் தாளில் தெரியவரும். இடுக்குகளில் முக்கால்வாசியை ஏற்கெனவே ஒருவர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்: போன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2. ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

‘காலையில் ஜெபிப்பேன்’ என்பது தீர்மானம் ஆகாது. காலை என்பது பெரிய பரப்பு, அதற்குள் ஜெபம் தொலைந்துவிடும். ‘பல் தேய்த்துவிட்டு, போனைத் தொடுமுன், ஜன்னலோர நாற்காலியில்’ என்பது தீர்மானம். முன்னால் ஒரு வேலை, பின்னால் ஒரு வேலை, நடுவில் ஜெபம். மணியைப் பார்த்து ஜெபிப்பவர்களுக்கு மணி தவறினால் ஜெபமும் தவறும். வேலையோடு முடிச்சுப் போட்டவர்களுக்கு அன்றைக்கு அரை மணி தாமதமாக எழுந்தாலும் பல் தேய்த்துத்தானே ஆகவேண்டும்?

அதிகாலையில்தான் ஜெபிக்க வேண்டுமா என்று கேட்டால் வழக்கமாக மாற்கு 1:35-ஐத்தான் காட்டுவார்கள்: “அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய், அங்கே ஜெபம்பண்ணினார்.” அதற்கு முந்தின வசனங்களையும் பிந்தின வசனங்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம் பட்டணத்தார் எல்லோரும் வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். அத்தனை வியாதியஸ்தரையும் பார்த்துவிட்டுத்தான் அவர் படுத்திருக்கிறார். விடியுமுன் எழுந்துபோய் ஜெபித்தால், அங்கேயும் சீமோன் ஆள் சேர்த்துக்கொண்டு தேடி வந்துவிடுகிறான்: “உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்.” ஆண்டவருடைய ஜெப நேரமே பாதியில் தடைபட்டிருக்கிறது. நம் ஜெபத்தின் நடுவே குழந்தை அழுவதற்கு நாம் ஏன் இவ்வளவு வருத்தப்பட வேண்டும்? வசனத்தில் எனக்குப் பாடமாகப் படுவது இருட்டைவிட, ஆள் நெருக்கத்திலிருந்து கொஞ்சம் விலகிப்போன அந்தச் செயல்தான். உங்கள் வீட்டில் அமைதி இரவு பத்து மணிக்குத்தான் வரும் என்றால் அதுவே உங்கள் வனாந்தரம்.

இடமும் முக்கியம், அது அழகாக இருக்க வேண்டியதில்லை. “உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி” என்கிறது மத்தேயு 6:6. அங்கே கிரேக்கத்தில் வருகிற சொல்லுக்குச் சாமான் போட்டுவைக்கிற உள்ளறை என்ற பொருளும் உண்டு. தானிய மூட்டைக்கு நடுவிலும் ஜெபிக்கலாம் போல. ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் தாய் சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்றவர். வீட்டில் தனியறை கிடைக்காதபோது சமையல் ஏப்ரனைத் தலைமேல் போட்டுக்கொள்வாராம். அம்மா ஜெபத்தில் இருக்கிறார், தொந்தரவு செய்யக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும் என்று சொல்வார்கள். அறை இல்லை என்றால் ஒரு நாற்காலி. நாற்காலியும் இல்லை என்றால் ஒரு துணி.

தினமும் ஒரே இடம் என்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு மாதம் போனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுமே உடம்புக்குத் தெரிந்துவிடும். மனம் அடங்குவதற்கு முன்பு ஐந்து நிமிடம் பிடித்தது, பிறகு ஒன்றில் முடியும்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், உங்களுக்கு வெட்கமாக இருக்கும் அளவுக்குக் குறைவாக வையுங்கள். பத்து நிமிடம் தாராளம், ஐந்தும் சரி. மிகவும் மோசமான ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள்: காய்ச்சல், விருந்தாளி, வேலையில் கெடு. அந்த நாளிலும் செய்ய முடிகிற அளவுதான் உங்கள் அளவு. நல்ல நாளில் கூடுதலாக இருந்துவிட்டால் யாரும் கோபிக்கப்போவதில்லை.

3. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது

உட்கார்ந்துவிட்டோம். இனி? இங்கேதான் பலருக்குத் தடுமாற்றம். கண்ணை மூடினால் ‘ஸ்தோத்திரம் ஆண்டவரே’ இரண்டு தடவை, பிறகு கேட்க வேண்டியதன் பட்டியல், இரண்டாம் நிமிடத்தில் விஷயம் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு தடம் தேவை. நான் போகிற தடம் இது:

முதல் ஒரு நிமிடம் ஒன்றும் பேசுவதில்லை. மூச்சு அடங்கட்டும். தேவன் முன்னால் இருக்கிறேன் என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன். “நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்து கொள்ளுங்கள்” (சங்கீதம் 46:10) என்ற வரியை ஒரு தடவை சொல்வேன். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்த மூன்று நிமிடம் ஒரு சங்கீதம், வாய் அசைய. மனத்துக்குள் வாசித்தால் கண் மட்டும் ஓடும். நாக்கு சொன்னால் காதும் கேட்கும். எந்த வரியில் மனம் தட்டி நிற்கிறதோ அங்கே நின்றுவிடலாம், மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். தினம் ஒன்று என்றால் 150 சங்கீதங்களும் ஐந்து மாதத்தில் முடியும். 119-ஆம் சங்கீதம் வரும்போது மலைக்காதீர்கள். அதில் 176 வசனங்கள் இருந்தாலும், எட்டு எட்டாக 22 பகுதிகளாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது. நாளுக்கு ஒரு பகுதி.

பிறகு நான்கு நிமிடம் என் பேச்சு. நன்றி, அறிக்கை, வேண்டுதல் என்று வரிசை வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் இருக்கலாம். ஒரே ஒரு கட்டுப்பாடுதான் எனக்கு உண்டு: பொதுவாகப் பேசுவதில்லை. ‘எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்’ என்று சொல்லும்போது நான் பாதி தூக்கத்தில் இருக்கிறேன் என்று அர்த்தம். ‘நேற்று மழையில் நனையாமல் பிள்ளை வீடு வந்து சேர்ந்ததே, அதற்கு ஸ்தோத்திரம்’ என்கிறபோதுதான் விழித்திருக்கிறேன். பாவ அறிக்கையும் அப்படித்தான். ‘நான் பாவி’ என்று சொல்வது சுலபம். ‘நேற்று மூன்று மணிக்கு அவரைப் பற்றி நான் சொன்னது பொய்’ என்று சொல்லும்போதுதான் தொண்டை அடைக்கும்.

கடைசி இரண்டு நிமிடம் பரமண்டல ஜெபம், மெதுவாக. வழக்கமான வேகத்தில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘அன்றாட அப்பம்’ என்ற இடத்தில் அன்றைய வேலைகள் வந்து நிற்கும். ‘மன்னிக்கிறதுபோல’ என்ற இடத்தில் யாராவது ஒருவருடைய முகம் வந்து நிற்கும். ஏனோ அது பெரும்பாலும் ஒரே முகம்தான்.

1535-ல் மார்ட்டின் லூத்தர், தனக்கு முடி திருத்துகிற பீட்டருக்கு எப்படி ஜெபிப்பது என்று எழுதிக்கொடுத்தார். அவர் காட்டிய வழியும் இதுதான்: பரமண்டல ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் வரிவரியாக எடுத்து, ஒவ்வொரு வரியையும் சொந்த ஜெபமாக மாற்றிக்கொள்வது. கவனத்தைப் பற்றி அவர் சொன்ன உதாரணம் பீட்டருக்கு நன்றாகவே உறைத்திருக்கும்: சவரம் செய்கிறவன் கண்ணும் மனமும் கத்தியில் இருக்க வேண்டும், வாயாடிக்கொண்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டும் இருந்தால் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவான்.

மனம் அலையாமல் இருக்குமா? இருக்காது. அலைந்தால் ஒரு கைவேலை இருக்கிறது. பக்கத்தில் பேனாவும் தாளும் வையுங்கள். ‘கரண்ட் பில் கட்டவில்லையே’ என்று வந்தால் எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதியதும் மனம் அதை விட்டுவிடும். ஒரே விஷயம் மூன்று நாளாகத் தாளில் வந்தால் அது கவனச்சிதறல் இல்லை. அதைப் பற்றித்தான் நீங்கள் ஜெபிக்க வேண்டியிருக்கிறது.

4. ஒருவரி ஜெபம்: நாளின் நடுவே எய்கிற அம்பு

“இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்” என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். அவர் கூடாரம் தைத்துப் பிழைத்தவர். கையில் ஊசியும் தோலும் இருந்த ஆள் சொன்ன வார்த்தை என்பதை மறக்கக்கூடாது.

இதற்கு எனக்குப் பிடித்த ஆள் நெகேமியா. ராஜாவுக்குத் திராட்சரசம் ஊற்றிக்கொடுக்கிற வேலை. ராஜா கேட்கிறார்: நீ கேட்கிற காரியம் என்ன? பதில் சொல்லியாக வேண்டும், தாமதித்தால் தலைக்கே ஆபத்து. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே, “பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, ராஜாவைப் பார்த்து” என்று போகிறது வசனம் (நெகேமியா 2:4-5). கண்ணை மூடியிருக்க முடியாது, உதடு அசைந்திருக்காது, இரண்டு நொடி இருந்தால் அதிகம். ஆனால் முதல் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். கிஸ்லேவு மாதத்தில், எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிற செய்தி கேட்டு அழுது, உபவாசித்து, ஜெபிக்க ஆரம்பித்தவர். ராஜா கேட்டது நிசான் மாதத்தில், ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து. அந்த இரண்டு நொடி அம்புக்குப் பின்னால் நான்கு மாத வில் வளைந்திருக்கிறது. ‘நான் நாள் முழுக்கப் போகிறபோக்கில் ஜெபித்துக்கொள்கிறேன், தனியாக உட்காரத் தேவையில்லை’ என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன். உட்காருகிற நேரம் இல்லாமல் போனால் அம்பும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இந்தப் பழக்கம் புதிதல்ல. எகிப்துப் பாலைவனத்துத் துறவிகள் அடிக்கடி, மிகச் சுருக்கமாக, வீசி எறிந்தாற்போல ஜெபிப்பார்கள் என்று 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன், புரோபா என்ற விதவைக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். நீட்டிக்கொண்டே போனால் கவனம் மழுங்கிவிடும் என்பது காரணம். அதே நூற்றாண்டில் ஜான் காசியன் என்ற துறவி, எந்நேரமும் சொல்வதற்கு என்று ஒரே ஒரு வசனத்தைப் பரிந்துரைத்தார்: “தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்” (சங்கீதம் 70:1). கீழைத்திருச்சபையில் ‘ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்’ என்ற ஜெபத்தை, முதல் பாதியை மூச்சை இழுக்கும்போதும் மறு பாதியை விடும்போதும் சொல்கிற வழக்கம் உண்டு.

உங்களுக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். வேதத்தில் நிறைய கிடக்கிறது:

- மூழ்குகிற பேதுருவின் “ஆண்டவரே, என்னை இரட்சியும்.” அவசரத்துக்கு இதைவிடச் சின்னது கிடையாது.
- ஆயக்காரனின் “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” வாயை விட்டுவிட்ட பிறகு.
- பிள்ளைக்காக வந்த தகப்பனின் “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” இதை நான் சொல்லாத வாரம் கிடையாது.

வரியைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. அதைத் தொங்கவிட ஆணி வேண்டும். நாளில் பத்து தடவையாவது நடக்கிற ஏதாவது ஒன்று: கதவின் கைப்பிடி, கை கழுவுவது, போன் அடிப்பது. என் ஆணி போன். மணி அடித்ததும் உடனே எடுப்பதில்லை, இரண்டாம் மணிவரை விடுவேன். அந்த இடைவெளியில், திரையில் யார் பெயர் தெரிகிறதோ அவருக்காக ‘ஆண்டவரே, இவரோடு இரும்’. அவ்வளவுதான். சில பெயர்களுக்கு ‘என்னோடும் இரும்’ என்று சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கைக்கு வேலையும் மனம் சும்மாவும் இருக்கிற நேரத்துக்கு, 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கர்மேல் மடத்தில் சமையற்கட்டைப் பார்த்துக்கொண்ட சகோதரர் லாரன்ஸை நினைத்துக்கொள்ளலாம். பாத்திர பண்டங்களின் சத்தத்துக்கு நடுவிலும், நற்கருணைக்கு முன் முழங்காலில் இருக்கும்போது உள்ள அதே அமைதியோடு தேவனோடு இருக்க முடிகிறது என்று சொன்னவர். சமையல் வேலை அவருக்குப் பிடிக்காது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் அந்தச் சொல்லின் எடை புரியும்.

5. மத்தியானம் ஒரு நிமிடம்

“அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்” என்கிறது சங்கீதம் 55:17. தானியேல் தினம் மூன்று வேளை முழங்கால்படியிட்டார். பேதுரு மத்தியானத்தில் மேல்வீட்டில் ஜெபிக்க ஏறினார், அதுவும் நல்ல பசியோடு (அப்போஸ்தலர் 10). பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லுங்கள் என்று ஆதித் திருச்சபையின் போதனைத் தொகுப்பான ‘டிடாக்கே’யும் சொல்கிறது. கத்தோலிக்கருக்கு மூவேளை செபம் இருக்கிறது.

நடைமுறையில், சாப்பிட உட்காருமுன் சொல்கிற ஜெபத்தை ஒரு நிமிடத்துக்கு நீட்டிவிடுங்கள். பாதி நாள் போயிருக்கும். காலையில் நடந்ததில் ஒன்றை ஒப்படைத்து, மத்தியானத்துக்கு மேல் வரப்போவதில் ஒன்றைக் கேட்டால் போதும். வேறு வித்தை இதில் இல்லை.

6. பயணத்தில்

தினமும் அரைமணிக்கு மேல் பயணிக்கிறவர்களுக்கு வேதத்தில் ஒரு தொகுப்பே இருக்கிறது. 120 முதல் 134 வரை 15 சங்கீதங்களுக்கு ‘ஆரோகண சங்கீதம்’ என்று தலைப்பு. எருசலேமுக்கு ஏறிப்போன யாத்திரிகர் பாடியவை என்பது நெடுநாள் கருத்து. ஒன்றைத் தவிர எல்லாமே பத்து வசனத்துக்குள் அடங்கும், 131, 133, 134 மூன்றும் மூன்றே வசனங்கள். வேலைநாளுக்கு ஒன்று என்றால் சரியாக மூன்று வாரம்.

இவற்றில் முதலாவதான 120-ன் இரண்டாம் வசனமே “பொய் உதடுகளுக்கும் கபடநாவுக்கும்” என் ஆத்துமாவைத் தப்புவியும் என்கிறது. அலுவலகம் போகிற வழியில் வாசிக்க இதைவிடப் பொருத்தமாக யாராவது எழுதியிருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றும். திரும்பி வரும் வழிக்கு 127: அதிகாலையில் எழுந்து, நேரமாகும்வரை வேலை செய்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா, “அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்.”

வண்டி ஓட்டுகிறவர்கள் ஒலிப்பதிவில் கேளுங்கள், கண்ணைத் திறந்துகொண்டே ஜெபியுங்கள். சிக்னலில் கண்ணை மூடுவது பக்தி இல்லை.

7. ‘உங்களுக்காக ஜெபிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டீர்களா?

சொல்லிவிட்டு மறப்பது நம் எல்லோருக்கும் உள்ள நோய். மருந்து ஒன்றுதான்: சொன்ன இடத்திலேயே செய்துவிடுவது. போனில் பேசிக்கொண்டிருந்தால் ‘இப்பவே ஒரு நிமிஷம் ஜெபிச்சிடலாமா?’ என்று கேளுங்கள். செய்தியாக வந்திருந்தால், பதில் தட்டுவதற்கு முன் ஜெபித்துவிட்டு ‘ஜெபித்தேன்’ என்று எழுதுங்கள். அந்த இறந்தகாலத்தில் ஒரு நிம்மதி இருக்கிறது, இரண்டு பக்கமும்.

தொடர்ந்து ஜெபிக்க வேண்டிய பெயர்களை ஏழு நாளுக்குப் பிரித்துவிடுங்கள். திங்கள் குடும்பம், செவ்வாய் வேலையிடத்து மனிதர், புதன் நோயாளிகள் என்பதுபோல. நாற்பது பெயரைத் தினமும் ஒப்பிப்பதைவிட ஆறு பெயரை முகத்தோடு நினைப்பது மேல். யாராவது ஒருவரை எந்த நாளிலும் சேர்க்க மனம் வராமல் தள்ளிக்கொண்டே போனால், அவரை வெள்ளிக்கிழமையில் போடுங்கள். வாரக் கடைசியில் கொஞ்சம் தைரியம் வரும்.

8. இரவில் பின்னோக்கி ஒரு நடை

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) விட்டுப்போனதில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மிகவும் உதவுவது, நாளைத் திரும்பிப் பார்க்கிற இந்த ஆய்வு. ஐந்து அடிகள்: நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒன்றைத் தீர்மானிப்பது. அவர் முதலில் வைத்தது நன்றியைத்தான். நாம் நேராகத் தவறுகளிலிருந்து ஆரம்பித்து, சோர்ந்து, படுத்துவிடுவோம்.

செய்துபார்க்க எளிய வழி, கட்டிலில் உட்கார்ந்தபடியே நாளை மணிவாரியாக ஓட்டிப் பார்ப்பதுதான். காலையில் கதவைத் திறந்தது, முதலில் பேசியது யாரோடு, எங்கே குரல் உயர்ந்தது, எங்கே யாரோ எதிர்பாராமல் இடம் விட்டார்கள். ஏதாவது ஓரிடத்தில் படம் நிற்கும். அங்கேயே பேசுங்கள். முழு நாளையும் பார்த்துத் தீர்க்க வேண்டியதில்லை. முடிவில் சங்கீதம் 4:8: “சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்.” நடுவில் தூங்கிவிட்டால் தூங்கிவிட்டீர்கள். தகப்பன் மடியில் பேசிக்கொண்டே தூங்குகிற பிள்ளையை எந்தத் தகப்பன் எழுப்புவான்?

போனைப் பற்றி

வேதமும் போனில்தான் இருக்கிறது, அதனால் விட முடியவில்லை என்பார்கள். நானும் சொன்னேன். சங்கீதத்தைத் திறக்கப்போய், மேலே வந்து விழுந்த ஓர் அறிவிப்பைத் தொட்டு, இருபது நிமிடம் கழித்து யாருடைய கல்யாணப் படத்தையோ பார்த்துக்கொண்டிருந்த காலைகள் எனக்கு உண்டு. ஆகவே காலை நேரத்துக்கு மட்டும் அச்சிட்ட வேதம், அதுவும் சின்னது. முந்தின இரவே அடையாளக் கயிறு சரியான பக்கத்தில் இருக்க வேண்டும், போன் வேறு அறையில் சார்ஜில் இருக்க வேண்டும். மத்தியானத்துக்கும் பயணத்துக்கும் போன் பரவாயில்லை. அப்போதும் விமான முறையில் போட்டுவிடுங்கள்.

எந்த ஒழுங்கும் ஒத்துவராத காலங்கள்

கைக்குழந்தை, மாறிமாறி வரும் இரவுப்பணி, வீட்டில் படுத்தபடுக்கையாக ஒருவர். இந்தக் காலங்களில் மேலே சொன்ன பாதி உதவாது. பணி நேரம் மாறுகிறவர்கள் ‘காலை’யை மறந்துவிட்டு ‘எழுந்தவுடன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மாலை ஆறாக இருந்தாலும். குழந்தைக்குப் பாலூட்டுகிற தாய்மார் நள்ளிரவுப் பாலை ஜெப மணியாக்கிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் துறவிகள் விழித்து ஜெபிக்க எழுவார்கள், நீங்கள் ஏற்கெனவே விழித்திருக்கிறீர்கள்.

உடம்பே ஓய்ந்துபோயிருந்தால் தூங்குங்கள். சூரைச்செடியின் கீழ் ‘போதும் கர்த்தாவே’ என்று படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் கொடுத்தான் (1 இராஜாக்கள் 19). ஓரேபுக்குப் போனதும், மெல்லிய சத்தத்தைக் கேட்டதும் அதற்குப் பிறகுதான்.

வார்த்தையே வராத துக்கம் என்றால், ரோமர் 8:26 இருக்கிறது: வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார். ஜெப நாற்காலியில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்தால் அன்றைக்கு அது ஜெபம்தான்.

முதல் நான்கு வாரம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள், என் நாலரை மணிக் கதைதான் நடக்கும். முதல் வாரம் வேவும், ஐந்து நிமிட நாற்காலியும் மட்டும். இரண்டாம் வாரம் அதோடு ஒரு வரியும் ஒரு ஆணியும். மூன்றாம் வாரம் இரவு நடை. நான்காம் வாரம் மத்தியான நிமிடம், அல்லது பயணச் சங்கீதம், இரண்டில் ஒன்று. பெயர்ப் பட்டியல் எப்போது வேண்டுமானாலும் வரலாம், அது தானாகவே வளரும். ஐந்து நிமிடத்தைப் பத்தாக்க வேண்டுமா என்பதை ஒரு மாதம் கழித்து யோசியுங்கள். ஐந்து போதவில்லை என்று உங்களுக்கே தோன்றினால் மட்டும்.

நாள் தவறும், கட்டாயம் தவறும். தவறிய மறுநாள் நம் மனம் செய்கிற வேலை ஒன்று உண்டு: நேற்றைய பாக்கியையும் சேர்த்து இன்று இருபது நிமிடம் என்று வட்டி போட ஆரம்பிக்கும். இருபது முடியாது, ஆகவே இன்றும் தவறும், நாளைக்கு முப்பது. ஒரு வாரத்தில் திவால். விட்ட நாளுக்கு வட்டி கட்டாதீர்கள், அசலும் கட்டாதீர்கள். நேற்று நின்ற சங்கீதத்திலேயே கயிறு கிடக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து, வழக்கமான ஐந்து நிமிடம் மட்டும் இருந்துவிட்டு எழுங்கள். நேற்று வரவில்லை என்று ஆண்டவரிடம் நீண்ட விளக்கமும் வேண்டாம், அதற்கே நாலு நிமிடம் போய்விடுகிறது.